முடிச்சுகளுக்கு ஒரு பொது அட்டவணை தாருங்கள்: ஹிரோஷிமா ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் இவான் ஸ்மால்யுக் அவர்களுக்கும், ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் முடிச்சிட்ட பொருள்களை ஆராய்ந்துவரும் பன்னாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முடிச்சு, எந்தப் பொருளில், என்ன பண்பைத் தருகிறது என்று வரிசைப்படுத்திய ஒரு பொது அட்டவணையை நீங்கள் வெளியிட வேண்டும். கைகூடியவற்றோடு கைகூடாதவற்றையும் அதில் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கவும், பிழை கண்டால் சுட்டிக்காட்டவும் அது திறந்து கிடக்க வேண்டும். நான் உங்கள் ஆய்வகங்களில் ஒன்றைச் சேர்ந்தவன் அல்ல. முடிச்சுக் கணிதத்தையும் அது வேதியியலுக்குள்ளும் இயற்பியலுக்குள்ளும் நுழைந்த கதையையும் விடாமல் படித்துவரும் வாசகன். அந்த வாசிப்பு தந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஜப்பான் அரசின் உலகத்தர ஆய்வு மையத் திட்டத்தின் கீழ் 2022இல் நீங்கள் தேர்வு பெற்றீர்கள். இந்தத் திட்டத்தில் சேரும் மையத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 70 கோடி யென் வரை, பத்து ஆண்டுகளுக்கு உதவி உண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், பொருளறிவியல் என்று பல துறையினரை ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கிறது அந்தப் பணம். நிறுவனத்தின் நீண்ட பெயரில் மூன்று வாக்குறுதிகள் இருக்கின்றன: முடிச்சு, இடங்கை–வலங்கை வேறுபாடு (ஒரு வடிவமும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒன்றாகாமை), நிலைத்த எதிர்காலம். மூன்றாவது வாக்குறுதியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அட்டவணை என்றதும் குமாஸ்தா வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். உங்கள் துறையின் பிறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1867 ஜனவரியில் எடின்பரோவில் பீட்டர் டெய்ட் ஒரு பெட்டியில் புகை நிரப்பி, பின்புறத்தில் கட்டியிருந்த துணியை அடித்து, முன்புறத் துளை வழியாகப் புகை வளையங்களைப் பறக்கவிட்டார். இரண்டு வளையங்கள் மோதின. உடையவில்லை, ரப்பர் போல் அதிர்ந்து விலகின. பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அணுக்கள் என்பவை ஈதரில், அதாவது வெளி முழுதும் நிரம்பியிருப்பதாக அன்று நம்பப்பட்ட ஊடகத்தில், சுழலும் முடிச்சுகளாக இருக்கக்கூடும் என்று கருதினார். ஒரு முடிச்சு ஒரு தனிமம், இன்னொரு முடிச்சு இன்னொரு தனிமம். அழகான கோட்பாடு, முழுக்கத் தவறான கோட்பாடு. ஈதரே இல்லை என்று ஆனபின் அதில் முடிச்சு எங்கிருந்து வரும்?

ஆனால் டெய்ட் சும்மா இருக்கவில்லை. தனிமங்களின் பட்டியல் வேண்டுமானால் முதலில் முடிச்சுகளின் பட்டியல் வேண்டும் என்று வரையத் தொடங்கினார். இரு முனைகளையும் ஒட்டிய இழை தன்மேலேயே ஏறிக் கடக்கும் இடங்களை எண்ணி, சிறு முடிச்சுகளைச் சேர்த்துக் கட்டியவற்றை விட்டுவிட்டு, மூன்று கடப்புகளுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று, ஏழுக்கு ஏழு என்று அடுக்கினார். தாமஸ் கிர்க்மன் என்ற பாதிரியார் கைகொடுத்தார். அமெரிக்காவில் சார்லஸ் லிட்டில் பத்துக் கடப்புகள் வரை கொண்டுபோனார். இந்த வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை நீண்டது. அதற்குள் சுழல் அணுக் கோட்பாட்டை நம்ப ஆளில்லை. கோட்பாடு செத்தது, அட்டவணை பிழைத்தது. அந்த அட்டவணையிலிருந்துதான் முடிச்சுக் கணிதம் என்ற துறையே கிளைத்தது.

பிழைத்ததற்குக் காரணம் அது சரியாக இருந்தது என்பதல்ல. 1974இல் கென்னத் பெர்கோ என்ற நியூயார்க் வழக்கறிஞர், பத்துக் கடப்பு முடிச்சுகளில் இரண்டாகப் பதிவாகியிருந்தவை உண்மையில் ஒன்றுதான் என்று காட்டினார். முக்கால் நூற்றாண்டாக எத்தனையோ பேராசிரியர்களின் மேசையில் கிடந்த பிழை அது. 166 என்றிருந்த எண்ணிக்கை 165 ஆனது. கணிதம் பயின்றிருந்தும் வழக்கறிஞராகத் தொழில் செய்த ஒருவர் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது, ஒவ்வொரு முடிச்சும் படமாக, எண்ணாக, எவரும் சரிபார்க்கும் வடிவில் அச்சாகியிருந்ததால்தான். ஓர் ஆய்வகத்தின் கணினிக்குள் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்திருந்தால் இன்றும் 166 என்றே ஓதிக்கொண்டிருப்போம்.

1998இல் ஹோஸ்ட், திஸ்டில்த்வைட், வீக்ஸ் மூவரும் பதினாறு கடப்புகள் வரையிலான முடிச்சுகளை அதே முறையில் எண்ணி முடித்தார்கள். 17,01,936. இன்று கணிதக்காரர்கள் ஒவ்வொரு முடிச்சின் பண்புகளையும் இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். புரத ஆய்வாளர்களும், எந்தப் புரதத்தில் எந்த முடிச்சு என்று காட்டும் தரவகத்தைப் போலந்திலிருந்து நடத்திவருகிறார்கள். பொருளறிவியலில் அதற்கு ஈடான ஒன்று வேரூன்றவில்லை. ஒரு கட்டுரையில் திரவப் படிகம், இன்னொன்றில் பாலிமர், மற்றொன்றில் உலோக அயனியைச் சுற்றிய மூலக்கூறு என்று ஒவ்வொருவரும் தத்தம் அலகில், தத்தம் படத்தில் எழுதுகிறார்கள். இவற்றையெல்லாம் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடத் தோதான இடம் உங்களுடையதுதான்.

கணித அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு முடிச்சையும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தையும் கணிதக்காரர்கள் ஒரே வரிசையில் எழுதிவிடுகிறார்கள். மேலே சொன்ன பதினேழு லட்சமும் அப்படி எண்ணியதுதான். மூன்று கடப்புகள் கொண்ட மூவிலை முடிச்சின் இடக்கை வடிவத்தை எவ்வளவு இழுத்து வளைத்தாலும் வலக்கை வடிவமாக்க முடியாது என்று மாக்ஸ் டேன் 1914லேயே நிறுவிவிட்டார். நான்கு கடப்புகள் கொண்ட எட்டு வடிவ முடிச்சோ தன் பிம்பமாகவே மாறிவிடும். 1984இல் வான் ஜோன்ஸ் கண்ட பல்லுறுப்புக் கோவை, அதாவது முடிச்சின் படத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் கோவை, மூவிலையின் இரண்டு கைகளையும் ஒரே பார்வையில் பிரித்துக் காட்டியது. அலெக்சாண்டரின் பழைய பல்லுறுப்புக் கோவையால் அது முடியவில்லை. ஜோன்ஸுக்கு 1990இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது கியோட்டோ உலகக் கணித மாநாட்டில் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயரிலேயே கைவேறுபாட்டைத் தாங்கிய நிறுவனத்தின் அட்டவணையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வரிசை இருந்தாக வேண்டும். கணிதக்காரருக்கு இடத்தை மிச்சப்படுத்தும் வசதி, பொருளை அளப்பவருக்குத் தகவல் இழப்பு.

இது வெறும் கணக்குப்பிள்ளைத்தனமா? கப்பலோட்டிகள் கட்டும் இரண்டு முடிச்சுகளைப் பாருங்கள். இரண்டு கயிற்று முனைகளை ஒருமுறை சுற்றிக் கட்டுகிறோம். மேலே இன்னொருமுறை கட்டுகிறோம். இரண்டாவது சுற்று முதலாவதற்கு எதிர்க்கையாக இருந்தால் அது சதுர முடிச்சு, பிடித்துக்கொள்ளும். அதே கையாக இருந்தால் அது பாட்டி முடிச்சு என்று கேலிப் பெயர் வாங்கியது, வழுக்கிவிடும். முனைகளை இணைத்துக் கணிதமாகப் பார்த்தால் முதலாவது, ஓர் இடக்கை மூவிலையும் ஒரு வலக்கை மூவிலையும் சேர்ந்தது. இரண்டாவது, ஒரே கை மூவிலைகள் இரண்டு. கயிறு அதேதான், நீளம் அதேதான், கடப்புகள் இரண்டிலும் ஆறுதான். கை ஒன்றே வேறு. ஒன்று பளுவைத் தாங்குகிறது, மற்றொன்று கைவிடுகிறது.

ஏன் என்பதை 2020இல் எம்.ஐ.டி.யில் பட்டீல், கோலே, டங்கல் ஆகியோர் விளக்கினார்கள். இழுவிசைக்கேற்ப நிறம் மாறும் இழையால் முடிச்சுகளைக் கட்டி, இறுக்கும்போது எந்த இடத்தில் விசை குவிகிறது என்று கண்ணாலேயே பார்த்தார்கள். கணினி மாதிரியோடு அதை ஒப்பிட்டார்கள். கடப்புகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு கடப்பிலும் இழைக்கு ஏறும் முறுக்கின் திசை, இழைகள் ஒன்றையொன்று உரசிச் செல்லும் போக்கு ஆகிய மூன்றையும் எண்ணிவிட்டால் எந்த முடிச்சு பிடிக்கும், எது வழுக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கயிறு நைலானா பருத்தியா என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வருகிறது. உங்கள் துறையின் மொத்த நம்பிக்கையும் இந்த ஓர் எடுத்துக்காட்டில் அடங்கியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பொருளை மாற்றாமல் முடிச்சை மட்டும் மாற்றிப் பண்பை மாற்றலாம் என்பதே அந்த நம்பிக்கை.

ஆனால் அந்த நம்பிக்கையை நிரூபிக்கச் சரியான ஒப்பீடு வேண்டும். இங்கேதான் வெளியாகும் பல கட்டுரைகள் என்னைச் சலிப்படையச் செய்கின்றன. முடிச்சிட்ட மூலக்கூறு இப்படி நடந்துகொண்டது, முடிச்சிட்ட துகள் அப்படி நகர்ந்தது என்று எழுதுகிறார்கள். பக்கத்தில் அதே நீளமுள்ள, அதே அணுக்கள் கொண்ட, முடிச்சில்லாத வளையம் எங்கே? அது இல்லாதபோது, காணப்பட்ட பண்பு முடிச்சால் வந்ததா, முடிச்சு இழையைச் சுருட்டிக் குறுக்கிவிட்டதால் வந்ததா என்று யார் சொல்வது? உருவம் வேறு, முடிச்சு வேறு. இறுகச் சுருண்ட வளையத்துக்கும் அதே பண்பு வரக்கூடும்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. மான்செஸ்டரில் டேவிட் லீயின் குழு 2020இல் ஒரே மூலக்கூறு இழையை எடுத்துக்கொண்டு, செம்பு அயனியையும் லுட்டீசியம் அயனியையும் விதவிதமாகச் சேர்த்து, ஒருமுறை வெறும் வளையமாகவும், ஒருமுறை மூவிலை முடிச்சாகவும், ஒருமுறை ஐந்து கடப்பு முடிச்சாகவும் கட்டிக் காட்டியது. இழை ஒன்று, விளைவு மூன்று. இப்படிப்பட்ட உடன்பிறப்புகளை வரிசையாக நிறுத்தி அளப்பதுதான் அட்டவணையின் அடிப்படை விதியாக இருக்க வேண்டும். முடிச்சில்லாத இணை இல்லாவிட்டால் வரிசையில் இடமில்லை என்று எழுதி வையுங்கள். கொஞ்சம் கடுமையான விதிதான். தரவகத்தின் மதிப்பு அந்தக் கடுமையில் இருக்கிறது.

தோல்விகளையும் ஏன் கேட்கிறேன்? மூலக்கூறில் முடிச்சுக் கட்டுவது எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள். 1989இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தீத்ரிக்-புக்கேக்கரும் சோவாஜும் செம்பு அயனிகளைத் தாங்கலாக வைத்து முதல் மூவிலை மூலக்கூறைக் கட்டினார்கள். அந்த வழியில் நடந்த சோவாஜ் 2016இல் நோபல் பெற்றவர்களில் ஒருவர். 2017இல் லீயின் குழு எட்டுக் கடப்பு முடிச்சைக் கட்டியது. நான்கு இழைகள் நான்கு இரும்பு அயனிகளைச் சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. நடுவில் ஒரு குளோரைடு அயனி அச்சாணியாக உட்கார்ந்திருக்கிறது. பிறகு திறந்திருக்கும் முனைகளை ஒரே வினையில் ஒட்டினால் 192 அணுக்கள் கொண்ட, முடிவில்லாத ஒற்றை வளையம் கிடைக்கிறது. தவறான முனைகள் ஒட்டிக்கொண்டால் முடிச்சு போய்க் கோத்த வளையங்களின் சங்கிலி வந்துவிடும், அல்லது ஒன்றுமில்லாமல் பிசின்தான் மிஞ்சும். கணிதக்காரரின் பதினேழு லட்சத்தில் வேதியியலாரின் குடுவைக்குள் வந்தவை ஒரு கைப்பிடிகூட நிறையாது. அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் எத்தனை பிசின்கள்! எந்த முடிச்சை எந்த வழியில் முயன்றால் நடக்காது என்பது அடுத்து முயல்பவருக்குப் பொன் போன்ற தகவல். அது இப்போது குறிப்பேடுகளிலேயே மட்கிப்போகிறது.

இயக்குநர் அவர்களே, உங்கள் சொந்தத் துறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019இல் நீங்களும் உங்கள் மாணவரும் கைத்தன்மை கொண்ட திரவப் படிகத்துக்குள், அதாவது ஓடும் தன்மையோடு மூலக்கூறுகள் ஒழுங்காகத் திசை நோக்கி நிற்கும் பொருளுக்குள், காட்டிய முடிச்சுகள் நூலால் ஆனவை அல்ல. மூலக்கூறுகள் நோக்கி நிற்கும் திசையே முடிச்சாக வளைந்திருந்தது. சிறு மின்னழுத்தத்தை மாற்றினால் அவை ஒன்றையொன்று ஈர்த்தும் விலக்கியும், முப்பரிமாணப் படிகமாக அணிவகுத்தன. துகளைப் போல் நகரும் முடிச்சு, அணுவைப் போல் படிகமாகும் முடிச்சு. கெல்வின் இருந்திருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

எழுந்தவர் ஒரு கேள்வியும் கேட்டிருப்பார்: எவ்வளவு நேரம் நிற்கும்? நூலில் கட்டிய முடிச்சை அவிழ்க்கக் கத்தரி வேண்டும். மூலக்கூறுகளின் திசையிலோ நீரோட்டத்திலோ, அதாவது புலத்தில், கட்டிய முடிச்சுக்கு அது தேவையில்லை. 2013இல் சிகாகோவில் கிளெக்னரும் இர்வினும் முப்பரிமாண அச்சில் வார்த்த இறக்கையைத் தண்ணீருக்குள் விசுக்கென்று இழுத்து, மூவிலை வடிவச் சுழலை உண்டாக்கினார்கள். நுண்குமிழிகள் சுழலின் நடுக்கோட்டில் சேர்ந்து அதைக் கண்ணுக்குக் காட்டின. அந்த முடிச்சு நீந்திக்கொண்டே தன்னைத் தானே வெட்டி ஒட்டி, சாதாரண வளையங்களாகப் பிரிந்துவிட்டது. முடிச்சு என்றாலே நிலையானது என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல கடிவாளம் இல்லை. ஆகவே அட்டவணையில் ஆயுள் என்று ஒரு நெடுவரிசை இருக்கட்டும். எந்த வெப்பநிலையில், எந்த மின்னழுத்தத்தில், எவ்வளவு நேரம், அவிழ எவ்வளவு ஆற்றல் தேவை என்ற விவரங்கள் அதில் வரட்டும்.

வலிமை என்ற நெடுவரிசையும் நேர்மையாக இருக்க வேண்டும். முடிச்சு எப்போதும் பலம் சேர்ப்பதில்லை. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆக்டின் என்ற புரத இழையின் இரு முனைகளிலும் மணிகளை ஒட்டி, லேசர் ஒளியால் அவற்றைப் பிடித்து, உருப்பெருக்கியின் கீழ் முடிச்சுப் போட்டு இறுக்கினார்கள். இழை முடிச்சில்தான் அறுந்தது, முடிச்சில்லாத இழை தாங்கும் விசையில் மிகச் சிறு பங்கிலேயே. பாலிமர் சங்கிலியைக் கணினியில் இழுத்துப் பார்த்தவர்களும் அதே ஆண்டில், முடிச்சு இழையைப் பலவீனப்படுத்துகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். மறுபுறம், டோக்கியோவில் 2001இல் ஒக்குமுராவும் இத்தோவும் உருவாக்கிய ஜெல்லில் எட்டு வடிவ இணைப்புகள் சங்கிலி நெடுகச் சறுக்கிச் சென்று விசையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த ஜெல் இழுத்தால் பல மடங்கு நீளும். கெட்டியாகப் பிணைப்பதா, சறுக்க விடுவதா என்பதில் பண்பு தலைகீழாகிவிடுகிறது. இரண்டும் அடுத்தடுத்த வரிசைகளில் நின்றால் ஒரு மாணவருக்கு ஒரே பார்வையில் புரியும்.

இப்போது அந்த மூன்றாவது வாக்குறுதி. ஆற்றலைச் சேமிக்கும் பொருள், மறுசுழற்சிக்கு ஏற்ற பொருள் என்று அறிமுகங்களில் நிறையப் பேசப்படுகிறது. வெப்பத்தைத் தடுத்து ஒளியை விடும் ஏரோஜெல் (காற்று நிரம்பிய நுண்துளைத் திண்மம்) போன்றவை நல்ல பொருள்கள், மறுக்கவில்லை. அதில் முடிச்சின் பங்கு என்ன? பங்கு உண்டென்றால் எண்ணைக் காட்டுங்கள். இல்லையென்றால் நல்ல ஏரோஜெல் என்றே அதை அழையுங்கள், முடிச்சின் கணக்கில் வரவு வைக்க வேண்டாம். உண்மையிலேயே பின்னலால் வந்த பயனுக்கு எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. 2016இல் ஓமர் யாகியின் குழு கரிம இழைகளைச் செம்பு அயனிகளைக் கொண்டு அணு அளவில் நெய்தது. செம்பை நீக்கியதும் பொருளின் நெகிழ்வு பத்து மடங்கு கூடியது. திருப்பிச் சேர்த்ததும் பழைய நிலைக்கு வந்தது. பின்னல் அப்படியே இருக்க, முட்டுக்கொடுத்த உலோகம் மட்டும் போய் வருகிறது. இந்த மாதிரித் தெளிவை ஒவ்வொரு வரிசையிலும் எதிர்பார்க்கிறேன்.

யாகியின் பெயரைச் சொன்னதும் கிட்டகாவாவின் பெயரும் வர வேண்டும். 2025 வேதியியல் நோபலை ராப்சனோடு பகிர்ந்துகொண்டவர்கள் அவர்கள் இருவரும். கிட்டகாவா பல ஆண்டுகள் தலைமை தாங்கிய கியோட்டோ மையமும், அதே ஆண்டு மருத்துவ நோபல் பெற்ற சகாகுச்சி பணியாற்றும் ஒசாகா மையமும், உங்களை ஆதரிக்கும் இதே திட்டத்தில் 2007இல் தொடங்கியவை. உங்கள் மேலதிகாரிகள் இந்த இரண்டு நோபல்களையும் காட்டி உங்களை அவசரப்படுத்தக்கூடும். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுங்கள். அந்த வேதியியல் நோபலுக்குக் காரணமான உலோக–கரிமச் சட்டகங்கள், அதாவது உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்த நுண்துளைப் படிகங்கள், இவ்வளவு வேகமாக வளர்ந்ததில் 1965 முதல் கேம்பிரிட்ஜ் நடத்திவரும் படிக அமைப்புத் தரவகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. புதிய படிக அமைப்பை வெளியிடுபவர் அணுக்களின் இருப்பிடங்களை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது துறையின் வழக்கமாகிவிட்டது. லட்சம் அமைப்புகளைக் கணினியில் சல்லடை போட்டு, எது எந்த வாயுவைப் பிடிக்கும் என்று தேட முடிந்தது அதனால்தான். முடிச்சிட்ட பொருள்களுக்கு அந்த வழக்கத்தைத் தொடங்கிவைக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது.

இதற்குக் கணிதக்காரர்களை ஆலோசகர்களாக அழைத்தால் போதாது. ஆய்வகத்தில் எடுத்த மங்கலான முப்பரிமாணப் படத்திலிருந்து இது எந்த முடிச்சு என்று உறுதி செய்வதே தனி ஆராய்ச்சி. ஒரே ஒரு கடப்பில் மேல் இழையைக் கீழ் என்று தவறாக வாசித்தால் மூவிலை வெறும் வளையமாகிவிடும். படம் எடுப்பவரும் பல்லுறுப்புக் கோவை கணக்கிடுபவரும் ஒரே கட்டுரையில் சமபங்கு ஆசிரியர்களாக இருக்கும்போதுதான் அந்தப் பிழை வெளியே போகாமல் தடுக்கப்படும். அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் அடையாளத்தை உறுதி செய்த கணிதக்காரரின் பெயரையும் போடுங்கள். இளம் ஆய்வாளருக்கு அது வேலைவாய்ப்பில் உதவும் வரவு.

பெரிய விழா வேண்டாம், மென்பொருள் முழுமையாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் பதிப்புக்கு மூன்றே வரிசைகள் போதும்: முடிச்சில்லாத வளையம், இடக்கை மூவிலை, வலக்கை மூவிலை. உங்கள் நிறுவனத்தில் எந்தெந்தப் பொருள்களில் இந்த மூன்றையும் செய்ய முடிகிறதோ அவற்றில் வலிமை, நெகிழ்வு, ஒளியோடும் மின்புலத்தோடும் நடந்துகொள்ளும் விதம், ஆயுள் ஆகியவற்றை அளந்து மூல எண்களோடு வெளியிடுங்கள். முயன்று நடக்காத இடத்தில் நடக்கவில்லை என்று எழுதி, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதையும் சேருங்கள். பிழை சுட்டுபவர்கள் எழுத ஒரு முகவரியும் வேண்டும். வரும் கடிதங்களுக்குப் பதில் சொல்ல ஒருவரைச் சம்பளத்தில் அமர்த்துங்கள். பத்தாண்டு உதவி 2032 வாக்கில் முடிந்தபின் அந்த ஒருவரின் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதைப் பல்கலைக்கழகத்தோடு இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

பதிலை எதிர்நோக்கும்,
முடிச்சுக் கணித வாசகன் ஒருவன்